‘விசித்திரம்’ என்று சொல்ல எந்த ஆங்கிலச் சொல்? மெரியம்-வெப்ஸ்டர் தளம் பற்றி ஒரு மதிப்புரை

பிறர் எழுதும் ஆங்கில அறிவியல் கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். விண்மீன், பாறை, பூச்சி, ரோபோ என்று எது பற்றி வேண்டுமானாலும் வரும். ஆனால் எல்லாக் கட்டுரையிலும் ஓர் இடம் தவறாமல் இருக்கும். எழுதியவர் எதையோ பார்த்து வியந்திருப்பார். அது வழக்கம்போல இல்லை என்று சொல்ல வந்திருப்பார். அதற்காக ஓர் ஆங்கிலப் பெயரடையைத் தேடிப் பிடித்துப் போட்டிருப்பார். பல சமயம் அது அவர் சொல்ல வந்ததற்குக் கொஞ்சம் தள்ளி நிற்கும்.

ஸ்ட்ரேஞ்ச், ஆட், வியர்ட், பெக்யூலியர், பிஸார், எக்சென்ட்ரிக், க்வெய்ன்ட். படிக்கும்போது எல்லாவற்றுக்கும் ‘விசித்திரமான’ என்று மனதுக்குள் பொருள் சொல்லிக்கொண்டு போய்விடலாம், ஒன்றும் கெட்டுவிடாது. எழுதும்போது அப்படி முடியாது. ஒரு சொல் பாராட்டும், இன்னொன்று பயமுறுத்தும், வேறொன்று அவமதிக்கும். இவற்றைப் பிரித்துப் பார்க்க நான் தினமும் நம்புவது மெரியம்-வெப்ஸ்டர் அகராதியின் இலவச இணையதளத்தை. தளத்தில் விளையாட்டு, கட்டுரை, தினம் ஒரு சொல் என்று நிறைய இருக்கின்றன. அதையெல்லாம் விட்டுவிட்டு, விசித்திரத்தையும் தனித்தன்மையையும் குறிக்கும் சொற்களில் இந்தத் தளம் எவ்வளவு உதவுகிறது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இது ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு ஓர் உதாரணம். அண்டங்களின், அதாவது கேலக்ஸிகளின், இயக்கம் பற்றி ஒரு கட்டுரை வந்தது. விண்வெளி விரிவடைவதால் அண்டங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. அதற்கு மேல், பக்கத்து அண்டங்களின் ஈர்ப்பால் ஒவ்வொரு அண்டத்துக்கும் சொந்தமாக ஒரு வேகமும் உண்டு. அந்தச் சொந்த வேகத்தை வானியலாளர்கள் ‘பெக்யூலியர் வெலாசிட்டி’ என்பார்கள். பெரும்பாலான அண்டங்கள் விலகிக்கொண்டிருக்கும்போது நம் பக்கத்து அண்டமான ஆண்ட்ரோமெடா நம்மை நோக்கி வருவது இந்த வகை இயக்கத்தால்தான். கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருந்தார். ஆனால் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறதே என்று, ஒத்தசொல் தரும் ஏதோ ஒரு தளத்தில் பார்த்து, மூன்றாவது பத்தியில் ‘பெக்யூலியர்’ என்பதை ‘வியர்ட்’ ஆக்கிவிட்டார். அடுத்த பத்தியில் அது ‘பிஸார்’ ஆகியிருந்தது. வாசகர் என்ன நினைப்பார்? அந்த அண்டங்கள் ஏதோ கிறுக்குத்தனமான வேகத்தில் போகின்றன, விஞ்ஞானிகளுக்கே புரியவில்லை என்று நினைப்பார். உண்மையில் அங்கே புரியாதது எதுவும் இல்லை.

கட்டுரையாளர் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. ஒரு சொல்லைத் தட்டினால் ஐம்பது அறுபது சொற்களை வண்ண வண்ணப் பெட்டிகளில் கொட்டித் தரும் தளங்கள் ஏராளம். அவை சொற்களைத் தருகின்றன, வித்தியாசத்தைத் தருவதில்லை. ஆங்கிலத்தைக் காதில் கேட்டே வளர்ந்தவருக்கு அந்தப் பட்டியல் போதும். மறந்துபோன சொல் நினைவுக்கு வரும், எடுத்துக்கொண்டு போய்விடுவார். நம்மைப்போல் படித்துக் கற்றவர்களுக்கு அது ஆபத்து. எல்லாச் சொல்லும் ஒரே எடை என்று அந்தப் பட்டியல் நம்ப வைத்துவிடுகிறது.

மெரியம்-வெப்ஸ்டர் தளத்தில் ‘ஸ்ட்ரேஞ்ச்’ என்ற சொல்லைத் திறந்து பாருங்கள். பொருள், எடுத்துக்காட்டு எல்லாம் தாண்டிக் கீழே வந்தால், சரியான ஒத்தசொல்லைத் தேர்ந்தெடுங்கள் என்ற தலைப்பில் ஒரு சின்னப் பத்தி இருக்கும். நான் இந்தத் தளத்துக்குப் போவதே அந்தப் பத்திக்காகத்தான். அதில் ஒன்பது சொற்களை ஒன்றாக நிறுத்தி, ஒவ்வொன்றும் எங்கே பிரிகிறது என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறார்கள். ஒன்பதுக்கும் பொதுவானது, வழக்கமானதிலிருந்தோ எதிர்பார்த்ததிலிருந்தோ விலகி நிற்பது. அதற்குப் பிறகு பாதைகள் பிரிகின்றன. ஸ்ட்ரேஞ்ச் என்றால் பழக்கமில்லாதது என்பதில் அழுத்தம். சிங்குலர் என்றால் வேறெதோடும் சேராத தனித்த தன்மை, அல்லது புதிராக இருக்கும் தன்மை. யுனீக் என்றால் இணை இல்லாதது. பெக்யூலியர் என்றால் பளிச்சென்று தெரியும் தனி அடையாளம். எக்சென்ட்ரிக் பெரும்பாலும் நடத்தையைப் பற்றியது, வழக்கத்திலிருந்து வெகுவாக விலகிய நடத்தை. எர்ராட்டிக் என்றால் எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்று கணிக்க முடியாதது. ஆட் என்றால் ஒழுங்கிலிருந்து பிசகியது. க்வெய்ன்ட் என்றால் பழைய பாணியில் இருந்தாலும் பார்க்க இனிமையானது. அவுட்லாண்டிஷ் என்றால் நயமற்றது, கண்ணை உறுத்துவது.

இதைப் படித்த பிறகு ஒரு கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரேஞ்ச் என்றால் அப்படி ஒன்றை நீங்கள் பார்த்ததில்லை. க்வெய்ன்ட் என்றால் தாத்தா காலத்துக் கடிகாரம், உங்களுக்குப் பிடித்திருக்கிறது. எர்ராட்டிக் என்றால் அது ஒழுங்காக ஓடவில்லை. ஆட் என்றால் ஏதோ ஒன்று இடிக்கிறது, ஒருவேளை முள் இடப்பக்கமாகச் சுற்றுகிறது. யுனீக் என்றால் அதுபோல் வேறு கடிகாரமே கிடையாது. பட்டியல் தளத்தில் இவை அத்தனையும் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

இந்த வித்தியாசம் சொல்லும் வேலையை அந்த நிறுவனம் நேற்று தொடங்கவில்லை. நோவா வெப்ஸ்டர் 1843-ல் இறந்ததும் அவருடைய அகராதியின் உரிமையை ஜார்ஜ், சார்லஸ் என்ற மெரியம் சகோதரர்கள் வாங்கினார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டில் இன்றும் அந்த நிறுவனம் இருக்கிறது. 1942-ல் ஒத்தசொற்களின் வித்தியாசத்தை விளக்குவதற்கென்றே ஒரு தனி அகராதியை வெளியிட்டார்கள். இணையதளம் 1996-லேயே வந்துவிட்டது. ஒரு வரியில் இத்தனை துல்லியமாகப் பிரிக்க முடிகிறது என்றால், இந்த வேலையில் அவர்களுக்கு உள்ள நீண்ட பழக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, பெக்யூலியருக்கு வருவோம். இந்தச் சொல் அந்தத் தளத்தில் இரண்டு ஒத்தசொல் பத்திகளில் வருகிறது, எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். ஒன்று மேலே சொன்ன ‘ஸ்ட்ரேஞ்ச்’ குடும்பம். மற்றொன்றில் கேரக்டரிஸ்டிக், இண்டிவிஜுவல், டிஸ்டிங்க்டிவ் ஆகியவற்றோடு பெக்யூலியரும் நிற்கிறது. அதாவது விசித்திரம், தனித்தன்மை என்ற இரண்டு பக்கமும் இதற்கு உறவு உண்டு. லத்தீனில் ‘பெகூலியம்’ என்றால் சொந்தச் சொத்து. ரோமாபுரியில் ஓர் அடிமையோ, தந்தையின் ஆளுகைக்கு உட்பட்ட மகனோ, தன் கையில் வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட உடைமைக்கு அந்தப் பெயர். அதற்கும் அடியில் கால்நடையைக் குறிக்கும் சொல் இருக்கிறது, மாடுதான் அன்றைய செல்வம் என்பதால். தமிழிலும் மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்று பழைய பொருள் உண்டு என்பதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது. ஆக, பெக்யூலியர் என்பதன் முதல் பொருள் ‘இவருக்கே உரியது’. விசித்திரம் என்ற பொருள் பிறகு வந்து சேர்ந்தது. தளத்தில் பொருள் வரிசையும் அப்படித்தான் இருக்கிறது. வானியலாளரின் ‘பெக்யூலியர் வெலாசிட்டி’ அந்த முதல் பொருளைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

‘பெக்யூலியர் டு’ என்று வந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம், அது உரிமையைத்தான் சொல்கிறது. இந்தச் செடி இந்தத் தீவுக்கே உரியது என்று எழுத அதைப் பயன்படுத்தலாம், அதில் எந்தக் குறையும் தொனிக்காது. ‘டு’ இல்லாமல் ‘எ பெக்யூலியர் பிளான்ட்’ என்று எழுதினால் செடியில் ஏதோ கோளாறு என்று படும்.

டிஸ்டிங்க்டிவ் நேர் எதிர். தனித்துத் தெரிவது, அரிதானது, பெரும்பாலும் மேலானது, பாராட்டத்தக்கது என்று அந்தப் பத்தி சொல்கிறது. வாசனையை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள தூரம் தெரியும். இயற்கை எரிவாயுவுக்கு மணமே கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக மெர்கேப்டன் வகைக் கந்தகச் சேர்மம் ஒன்றை அதில் கலக்கிறார்கள். அந்த நாற்றத்தை ஒரு பாதுகாப்புக் கையேட்டில் ‘டிஸ்டிங்க்டிவ் ஸ்மெல்’ என்றுதான் எழுத வேண்டும், ஒரு தடவை முகர்ந்தால் வேறெதோடும் குழப்பிக்கொள்ள முடியாது என்று பொருள். ‘பெக்யூலியர் ஸ்மெல்’ என்று எழுதினால், என்ன நாற்றம் என்றே தெரியாத ஏதோ ஒன்று என்று ஆகிவிடும். கையேடு சொல்ல வந்ததற்கு நேர்மாறு. கட்டுரை திருத்தும்போது நான் அதிகம் மாற்றும் இணை இதுதான். ஒருவருடைய குரலை, கையெழுத்தை, எழுத்து நடையைப் புகழ நினைத்து பெக்யூலியர் என்று எழுதிவிடுகிறார்கள். டிஸ்டிங்க்டிவ் என்று மாற்றினால் புகழ்ச்சி அப்படியே நிற்கும்.

அச்சம் கலந்த விசித்திரத்துக்குத் தனிப் பத்தி, ‘வியர்ட்’ பக்கத்தில். வியர்ட், ஈரி, அன்கேனி மூன்றையும் மர்மமான விசித்திரம் என்ற பொதுப் பொருளில் சேர்த்துவிட்டு, பிறகு பிரிக்கிறார்கள். வியர்ட் இந்த உலகத்தைச் சேராதது போன்ற விசித்திரம், அல்லது வெறும் வினோதம். ஈரி என்றால் ஏதோ தீய சக்தி இயங்குகிறது என்ற கலக்கம். அன்கேனி என்றால் மனதை நிம்மதியிழக்கச் செய்யும் விசித்திரம். இதில் வியர்ட் ரொம்பவே தேய்ந்துபோன சொல். பழைய ஆங்கிலத்தில் ‘வியர்ட்’ என்றால் விதி. இன்று காலுறை நிறம் பொருந்தாவிட்டாலும் வியர்ட் என்கிறார்கள். ஈரி இன்னும் தேயவில்லை. அது பெரும்பாலும் இடத்துக்கும் ஒலிக்கும் ஒளிக்கும் வரும்: ஆளில்லாத மருத்துவமனை, காரணமில்லாத அமைதி.

அன்கேனி பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசை. 1970-ல் ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசஹிரோ மோரி ஒரு கட்டுரை எழுதினார். ரோபோ மனிதனைப்போல் ஆக ஆக நமக்கு அதன்மேல் ஒட்டுதல் கூடும், ஆனால் கிட்டத்தட்ட மனிதன் என்ற கட்டத்தில் அது சட்டென்று அருவருப்பாக மாறும், முழுக்க மனிதனாகிவிட்டால் மறுபடி ஏறும் என்றார். வரைபடத்தில் அந்த இறக்கம் ஒரு பள்ளத்தாக்குபோல் இருக்கும். ஆங்கிலத்தில் அதற்கு ‘அன்கேனி வேலி’ என்று பெயர் நிலைத்துவிட்டது. அந்த இடத்தில் ஸ்ட்ரேஞ்ச் வந்திருந்தால் பொருந்தியிருக்காது, ஸ்ட்ரேஞ்ச் பழக்கமில்லாததற்கு உரியது. அங்கே நம்மைத் தொந்தரவு செய்வது அந்த முகம் மிகவும் பழக்கமாகத் தெரிவதுதான். ‘அன்கேனி ரிசெம்ப்ளன்ஸ்’ என்று உருவ ஒற்றுமைக்கும் இதே சொல் வருவதைக் கவனியுங்கள். ரோபோ பற்றி எழுதுகிறவர்கள் ஈரியையும் அன்கேனியையும் மாற்றி மாற்றிப் போடும்போதெல்லாம் நான் இந்தப் பக்கத்தின் இணைப்பைத்தான் அனுப்புவேன்.

பிஸாருக்கும் க்ரொடெஸ்க்குக்கும் ‘ஃபென்டாஸ்டிக்’ பக்கத்துக்குப் போக வேண்டும். பிஸாரில் முரண் முக்கியம், சேரவே சேராத இரண்டு ஒன்றாகச் சேர்ந்து அதிர வைப்பது. க்ரொடெஸ்க் கோரமானது, ஆனால் கலையாக எடுபடக்கூடியது. சிரிப்பும் துயரமும் கலந்த கோணல் தன்மைக்கும் அது வரும். 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரோமில் நீரோ மன்னனின் பொன் மாளிகை மண்ணுக்கடியில் கண்டுபிடிக்கப்பட்டது. குகைபோல் இருந்த அந்த அறைகளின் சுவர்களில் பாதி மனிதன், பாதி கொடி, பாதி மிருகம் என்று பின்னிப் பிணைந்த ஓவியங்கள். குகைக்கான இத்தாலியச் சொல்லான ‘க்ரொட்டா’விலிருந்து அந்தப் பாணிக்குப் பெயர் வந்தது. இது தெரிந்தபிறகு, வெறுமனே அசிங்கமான எதற்கும் க்ரொடெஸ்க் என்று எழுத எனக்குக் கை வராது.

சொல் பிறந்த கதை பகுதி இந்தத் தளத்தில் சுருக்கமாகத்தான் இருக்கும், ஆனாலும் தவறவிடாதீர்கள். இந்தக் குடும்பத்துச் சொற்களில் பாதி, ‘வெளியாள்’ என்பதிலிருந்தோ ‘தெரியாதது’ என்பதிலிருந்தோ பிறந்தவை. ஸ்ட்ரேஞ்ச் லத்தீனின் ‘எக்ஸ்ட்ரானியுஸ்’ வழியாக வந்தது, வெளியிலிருந்து வந்தது என்று பொருள். அவுட்லாண்டிஷ் அப்பட்டமாக வெளிநாட்டுக்காரன். எக்சாடிக் கிரேக்கத்தில் வெளியே என்பதிலிருந்து. அன்கூத் என்றால் பழைய ஆங்கிலத்தில் தெரியாதது, இன்று அது நாகரிகமற்றது. க்வெய்ன்ட் மட்டும் எதிர்த்திசையிலிருந்து வந்தது. லத்தீனில் ‘தெரிந்தது’ என்ற சொல்தான் பிரெஞ்சு வழியாக நயமானது, நுட்பமானது என்று மாறி, கடைசியில் அழகான பழமைக்கு வந்து நின்றது. அந்த இனிமை அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

அறிவியல் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தளத்தின் இன்னொரு நன்மை, ஒரே பதிவில் துறைப் பொருளும் இருப்பது. எக்சென்ட்ரிக் என்றால் மையத்தை விட்டு விலகியது, வானியலில் பிறந்து பிறகுதான் மனிதர்களுக்கு வந்த சொல். பூமியின் சுற்றுப்பாதை விலகல் 0.017 அளவுதான், கிட்டத்தட்ட வட்டம். ஹாலி வால்மீனுக்கு 0.967, நீண்டு ஒடுங்கிய பாதை. வால்மீனை எக்சென்ட்ரிக் என்றால் அது பைத்தியம் என்று பொருளாகாது. எர்ராட்டிக் என்றால் நிலவியலில் பனியாறு எங்கிருந்தோ சுமந்து வந்து போட்டுவிட்டுப் போன பாறாங்கல், சுற்றியுள்ள பாறை வகையோடு பொருந்தாதது. இயற்பியலில் ஸ்ட்ரேஞ்ச் என்பது குவார்க் எனும் அடிப்படைத் துகள்களில் ஒரு வகையின் பெயர். காஸ்மிக் கதிர்களில் கண்ட சில துகள்கள் வேகமாக உருவாகி, எதிர்பார்த்ததைவிட மிக மெதுவாகச் சிதைந்தன. அதை விளக்க 1953-ல் மரி கெல்-மானும் கசுஹிகோ நிஷிஜிமாவும் தனித்தனியாக ஒரு புதிய பண்பை முன்வைத்தார்கள். அதற்கு ‘ஸ்ட்ரேஞ்ச்னஸ்’ என்று பெயர் வந்தது. வானியலாளர் ஹால்டன் ஆர்ப் 1966-ல் வெளியிட்ட, வழக்கமான வடிவத்தில் அடங்காத 338 அண்டங்களின் படத்தொகுப்புக்குத் தலைப்பிலேயே பெக்யூலியர் உண்டு. அங்கே அது இரண்டாம் பொருளில், விசித்திரம் என்ற பொருளில். ஒரே துறைக்குள்ளேயே ஒரு சொல் இரண்டு பொருளில் நடமாடுகிறது. இந்த இடங்களில் ஒத்தசொல் போட்டு அழகுபடுத்தக் கூடாது, சொல் திரும்ப வந்தால் வரட்டும்.

எனக்குத் தளத்தோடு ஒத்துப்போகாத இடம் ஒன்று உண்டு, யுனீக். ‘வெரி யுனீக்’ என்று சொல்லலாமா என்பது பழைய சண்டை. ஒன்றே ஒன்று என்றால் அதில் ரொம்ப, கொஞ்சம் ஏது என்று கேட்பவர்கள் ஒரு பக்கம். யுனீக்குக்கு ‘அசாதாரணமான’ என்ற பொருளும் உண்டு, அந்தப் பொருளில் ‘வெரி’ வரலாம் என்று தளத்தின் குறிப்பு சொல்கிறது. மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பதிவு செய்வது அகராதியின் கடமை, அதை நான் மதிக்கிறேன். ஆனால் என் மேசைக்கு வரும் கட்டுரையில் ‘வெரி யுனீக்’ இருந்தால் அடித்துவிடுவேன். ஓர் உயிரினம் இணையற்றதா, அரியதா என்பது அறிவியலில் பெரிய வித்தியாசம். அரியது என்றால் ரேர் என்று எழுதட்டும்.

அதே தளத்தில் தெசாரஸ் என்று, ஒத்தசொற்களைத் தொகுத்துத் தரும் தனிப் பகுதி இருக்கிறது. பொருளுக்குப் பொருள் பிரித்து, நெருக்கமான சொல், தூரத்துச் சொல் என்று தரம் பிரித்துக் காட்டுகிறது, எதிர்ச்சொல்லும் தருகிறது. வெறும் பட்டியலைவிட நிச்சயம் மேல். இருந்தாலும் நான் அதை இரண்டாவதாகத்தான் திறப்பேன். சொற்களைக் கருத்துவாரியாக அடுக்கிய பழைய முறையில் ஒரு வேறு சுகம் உண்டு. பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் 1852-ல் வெளியிட்ட தொகுப்பில் அகர வரிசை பின்னாலுள்ள அட்டவணையில்தான். உள்ளே ஏறத்தாழ ஆயிரம் கருத்துத் தலைப்புகள். விசித்திரச் சொற்கள் அங்கே ‘அன்கன்ஃபார்மிட்டி’ என்ற 83-ஆம் தலைப்பின் கீழ் வருகின்றன, ஒழுங்குக்கு அடங்காமை என்று சொல்லலாம். பழைய பதிப்புகளில் ஆட், பெக்யூலியர் ஆகியவற்றோடு பீனிக்ஸ், ஸ்ஃபிங்க்ஸ், மினோட்டார், கடற்கன்னி, யுனிகார்ன் எல்லாம் ஒரே தலைப்பின் கீழ் நிற்கும். நேரம் இருக்கும் நாளில் அதைப் புரட்டுவது பெரிய சந்தோஷம். கெடு நெருங்கும் நாளில் எனக்கு மெரியம்-வெப்ஸ்டரின் அந்த ஒரு வரிப் பிரிப்புதான் வேண்டும்.

எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பதற்கு இந்த ஒரு தளம் மட்டும் போதாது. எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இருக்கின்றன, அவற்றிலிருந்து ஓரளவு தெரியும். ‘விசித்திரம் என்னவென்றால்’ என்று தொடங்க ‘ஆட்லி எனஃப்’, ‘ஸ்ட்ரேஞ்ச்லி எனஃப்’, ‘க்யூரியஸ்லி எனஃப்’ மூன்றும் இயல்பாக வரும், ‘பிஸார்லி எனஃப்’ அரிதாகவே வரும் என்பதுபோன்ற விஷயங்களை எடை போட ‘கோகா’ என்ற அமெரிக்க ஆங்கிலத் தரவுத்தொகுப்பைப் பார்க்கிறேன். மார்க் டேவீஸ் உருவாக்கியது, நூறு கோடிச் சொற்களுக்கு மேல் கொண்டது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

உச்சரிப்பு ஒலி அமெரிக்க முறையில் இருக்கும். பொருள் புரிந்தால் போதும் என்பவர்கள்கூட பிஸாரை ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது. சந்தையைக் குறிக்கும் பஸாரும் இதுவும் காதுக்கு ஏறத்தாழ ஒன்றுதான், எழுத்து மட்டும் வேறு. கட்டுரைகளில் இவை இடம் மாறி வருவது நான் அடிக்கடி பார்ப்பது. அகராதியே அமெரிக்க அகராதி என்பதால், பிரிட்டிஷ்காரர்கள் விசித்திரத்துக்குச் சொல்லும் ‘ரம்’ போன்ற சொற்களுக்கு, பெரும்பாலும் பிரிட்டிஷ் வழக்கு என்ற குறிப்போடு ஒதுங்கிக்கொள்ளும். பிரிட்டிஷ் வாசகருக்கு எழுதுகிறவர்கள் பக்கத்தில் ஒரு பிரிட்டிஷ் அகராதியும் வைத்துக்கொள்ளட்டும்.

மனிதர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தக் குறிப்புகளை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். க்வியர் என்ற சொல் ஒரு காலத்தில் வெறுமனே விசித்திரம். பிறகு பாலினச் சிறுபான்மையினரை இழிவுபடுத்தும் வசையாயிற்று. 1980-களின் பிற்பகுதியிலிருந்து அவர்களே அதைத் தங்கள் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். பழைய நாவல்களைப் படித்து ஆங்கிலம் கற்றவர்கள் இன்றும் வினோதமான சத்தத்துக்கெல்லாம் அந்தச் சொல்லைப் போடுகிறார்கள். இன்றைய வாசகர் அதை அப்படி வாசிக்க மாட்டார். எக்சாடிக் செடிக்கும் பறவைக்கும் சரி, ஒரு மனிதரின் முகத்துக்குச் சொன்னால் அவரை வெளியாளாக நிறுத்துகிறோம். எக்சென்ட்ரிக் ஓரளவு அன்போடு சொல்லலாம், ஃப்ரீக் என்று சொன்னால் அது அடி. இந்த எச்சரிக்கைகளுக்காகவே மாணவர்களிடம் இந்தத் தளத்தை வற்புறுத்துவேன்.

இன்னொரு நல்ல விஷயம், எந்தச் சொல்லை மக்கள் எப்போது தேடுகிறார்கள் என்று அவர்கள் கவனிப்பது. 2016-ல் அவர்கள் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தது ‘சர்ரியல்’, கனவுபோல் நம்ப முடியாதது என்று பொருள். பிரஸ்ஸல்ஸில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு அதைத் தேடியவர்கள் கூடினார்கள், அமெரிக்கத் தேர்தல் முடிவுக்குப் பிறகு அதைவிடக் கூடினார்கள். 1930-களில்தான் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கிய சொல், கலை இயக்கத்தின் பெயரிலிருந்து பிரிந்து வந்தது. கண்ணெதிரில் நடப்பதை மனம் ஏற்க மறுக்கும் தருணத்தில் மனிதர்கள் அகராதியைத் திறந்து அந்த உணர்வுக்குப் பெயர் தேடுகிறார்கள் என்பது என்னை நெகிழ வைத்த செய்தி. வியர்டும் ஸ்ட்ரேஞ்சும் கையில் இருந்தும் அவர்களுக்கு அவை போதவில்லை.

யாருக்கு இது பரிந்துரை? ஆங்கிலத்தைப் படித்துக் கற்று, அதில் எழுதவும் வேண்டியிருக்கிற எல்லாருக்கும். மொழிபெயர்ப்பாளர், ஆய்வு மாணவர், பொருள் விவரணை எழுதுகிறவர் என்று யாராக இருந்தாலும் பலன் உண்டு. தளம் இலவசம், விளம்பரம் வரும். கைபேசிச் செயலியும் இருக்கிறது. ‘ஸ்ட்ரேஞ்ச்’, ‘கேரக்டரிஸ்டிக்’, ‘வியர்ட்’, ‘ஃபென்டாஸ்டிக்’ என்ற நான்கு பக்கங்களில் தொடங்குங்கள், பொருளைத் தாண்டிக் கீழே போய் ஒத்தசொல் பத்தியைப் படியுங்கள். எல்லாச் சொல்லுக்கும் அந்தப் பத்தி கிடையாது. ஆங்கிலத்தில் அடுத்த கட்டுரை எழுதுவதற்கு முன்னால் இந்த நான்கையும் முடித்துவிடுங்கள், ஒரு மாலைப்பொழுது போதும்.